அடங்காத ஆஸ்துமாவும் ஆஸ்பெர்ஜிலஸும்

இன்ஹேலர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இளைப்பு மட்டும் அடங்கவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் மூச்சு சீராகும், நிறுத்தியதும் பழைய கதைதான். புதிதாகப் பார்த்த நுரையீரல் மருத்துவர் முதலில் என்னை இன்ஹேலர் இழுக்கச் சொல்லிக் கவனித்தார். அதில் குறையில்லை என்றதும் கேட்டார்: "சளி என்ன நிறத்துல வருது?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சில காலைகளில் பழுப்பாக, ரப்பர் மாதிரி கெட்டியான துண்டு இருமலோடு வரும். வந்தபின் மூச்சு லேசாகும். சொன்னதும் ரத்தப் பரிசோதனை எழுதினார்: மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையின்போது ரத்தத்தில் கூடும் எதிர்ப்புப் புரதம்), ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சைக்கான தனி ஐஜிஇ, ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை. தோல் பரிசோதனையும் உண்டு. அதற்கு முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் முடிவு பொய்யாகிவிடும். முன்கையில் மற்ற ஒவ்வாமைப் பொருள்களின் துளி வைத்த புள்ளிகள் சும்மா இருக்க, பூஞ்சைத் துளி வைத்த இடம் தடித்துச் சிவந்து அரித்தது.

இந்தப் பூஞ்சையின் வித்துகள் 2–3 மைக்ரான்தான். எல்லோரும் தினமும் சுவாசிப்பவை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அவை மூச்சுக்குழாய்ச் சளியிலேயே முளைத்துத் தங்கிவிடுகின்றன. உடல் ஓயாமல் எதிர்ப்புக் காட்ட, குழாய்கள் வீங்கியே இருக்கும். இன்ஹேலர் பாவம், என்ன செய்யும்? பூஞ்சை ஒவ்வாமை மட்டும் என்றால் ஒரு வகை. மொத்த ஐஜிஇ 500ஐத் தாண்டி (2024இல் திருத்திய சர்வதேச வரையறை), சி.டி. ஸ்கேனில் மூச்சுக்குழாய் விரிவும் சளியடைப்பும் தெரிந்தால் ஏபிபிஏ, அதாவது இந்தப் பூஞ்சையால் மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும் வரும் ஒவ்வாமை நோய். எனக்கு இரண்டாவது.

ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார்கள். முகம் உப்பியது, நடு இரவில் பசித்தது. அதை விவரித்து ஆகப்போவதில்லை. கூடவே பூஞ்சைக்கு இட்ராகோனசோல். இதில்தான் கவனம் வேண்டும். கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது. புடெசோனைட் இன்ஹேலரோடு சேர்ந்தாலோ அந்த ஸ்டீராய்டு உடலில் தேங்கும். அதனால் என் இன்ஹேலரையே மாற்றினார்கள். கல்லீரல் பரிசோதனையும் அவ்வப்போது.

சுமார் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஐஜிஇ பார்ப்பார்கள். அது நார்மலுக்கு வரவேண்டும் என்று எதிர்பார்த்து நொந்துபோகாதீர்கள், பெரும்பாலும் வராது. இறங்கி நிலைக்கும் எண்தான் இனி நமக்கு அடிப்படை. இளைப்பு கூடி, ஐஜிஇயும் அதிலிருந்து பாதிக்கு மேல் ஏறினால் நோய் திரும்பிவிட்டதா என்று பார்ப்பார்கள். என் எண்ணைப் போனில் குறித்து வைத்திருக்கிறேன். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.