வேனுக்கு அனுப்பிய காலை

"சளியோடு வந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா, தம்பி?" என்று நான் கேட்டதும், "சளி இல்லை சார், குளிர்காற்றுக்குத்தான் ஒழுகுகிறது" என்று அவர் சொன்னதும், நான் அதைக் காதில் வாங்காமல் அவரை வேனில் போய் உட்காரச் சொன்னதும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. அந்த அரை நிமிடம் இன்னும் என்னை விடவில்லை.

நிலத்தின் உயர வேறுபாட்டை அளக்கும் லெவல் கருவியின் கண்வில்லையில் அவர் குனியும்போதெல்லாம் மூக்கு நுனியில் ஒரு துளி திரண்டது. அதைக் கையுறையின் புறத்தால் துடைத்தார். ஒரு முறை தவறிப் புத்தகத்தில் விழ, பென்சிலால் எழுதிய எண்ணுக்கு அடியில் தாள் உப்பிக்கொண்டது. அவருக்கு அடுத்து அதே கண்வில்லையில் கண் வைக்க மூன்று பேர் காத்திருந்தார்கள். தொற்றாக இருக்கலாம் என்று அஞ்சி ஒருவரை விலக்கி வைத்ததை முழுத் தவறென்று சொல்ல இப்போதும் எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவருடைய இடத்தில் நான் நின்ற சிறிது நேரத்திலேயே என் மூக்கும் ஒழுகத் தொடங்கியது. உள்ளிழுக்கும் காற்று நுரையீரலின் ஆழத்தை அடைவதற்குள் 37 டிகிரி செல்சியஸ் உடல்வெப்பத்தையும் முழு ஈரப்பதத்தையும் பெற்றாக வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி மூக்கினுடையது. குளிர்ந்த, வறண்ட காற்று பட்டதும் நரம்புகள் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. வெளிவிடும் மூச்சின் ஈரமும் குளிர்ந்த மூக்கு நுனியில் நீராகப் படிகிறது. இது நோயன்று. ஒவ்வாமையும் அன்று என்பதால், நான் அக்கறையோடு அவருக்குக் கொடுத்தனுப்பிய ஒவ்வாமை மாத்திரையால் பெரிய பயன் இருந்திருக்காது. தொல்லை மிகுந்தவர்களுக்கு மருத்துவர்கள் இப்ராட்ரோபியம் என்ற மூக்குத் தெளிப்பானை எழுதித் தருவதுண்டு என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

மூக்கையும் வாயையும் மூடிக் கம்பளித் துண்டு கட்டிக்கொள்வதுதான் எளிய வழி. மூச்சின் வெதுவெதுப்பும் ஈரமும் அதற்குள்ளேயே தங்கி, அடுத்து இழுக்கும் காற்றைப் பதப்படுத்தும். நானும் கட்டிக்கொண்டேன். உடனே மூச்சு மேல்நோக்கிச் சென்று கண்வில்லையை மூடுபனிபோல் மறைத்தது. ஓர் அளவும் படிக்க முடியவில்லை. அவர் கழுத்தில் தளர்ந்து கிடந்த துண்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அளவு பிழைபடக் கூடாது என்பதற்காகவே அதை இறக்கிவிட்டிருந்தார் என்று நினைக்கிறேன், அவரிடம் கேட்கவில்லை.

பேட்டரி எடுக்க வேனுக்குப் போனபோது, சூடான அந்த இடத்தில் அவர் மூக்கு உலர்ந்திருந்தது. மடியில் புத்தகத்தை விரித்துக் கணக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சளியாக இருந்தால் இவ்வளவு விரைவில் நின்றிருக்காது. அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலைக்கு நேரமாகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு திரும்பினேன். உண்மையில் மற்றவர்கள் முன்னிலையில் என் முடிவை மாற்றிக்கொள்ளத் தயங்கினேன் என்பதே சரியாக இருக்கும். நாளை வேறொருவர் அப்படி நின்றால், பார்த்த மாத்திரத்தில் தொற்றா குளிரா என்று என்னால் பிரித்தறிய முடியுமா என்பதும் ஐயமே.

மறுநாள் காலை முதல் அளவை எடுக்க அவரையே அழைத்தேன். எடுத்து முடித்தவர், சட்டையின் உள்பையிலிருந்து வில்லை துடைக்கும் துணியை எடுத்து, கண்வில்லையை இருமுறை துடைத்துவிட்டு, "இப்போது பார்க்கலாம் சார்" என்று விலகி நின்றார்.