விதி கேட்காத வழி

"இது எந்த விதியில் இருக்கு, சார்?" என்று கிடங்கு மேலாளர் கேட்டார். தீப் பாதுகாப்புக்காக அவருடைய டிராயிங்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்; சரக்கு அடுக்கும் ரேக் வரிசைகளின் நடுவில் ஆள் வெளியேற வழி விடச் சொல்லியிருந்தேன். எந்த விதியிலும் இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஸ்பிரிங்ளர் (தீ பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) உள்ள சாதாரண அபாயக் கிடங்குக்கு, அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 101 வெளியேறும் கதவு வரை அனுமதிக்கும் நடைதூரம் 400 அடி. ஸ்பிரிங்ளர் இல்லையென்றால் 200. ஸ்கேலை நேராக வைத்து அளக்கிற தூரமல்ல இது. ஆள் நடக்கும் பாதையின் நடுவில், மூலைகளில் ஓர் அடி விலகி வளைந்து போய் அளக்க வேண்டும். காலிக் கட்டடத்தில் எல்லாக் கதவும் பக்கம்தான். ரேக் வந்த பிறகு, கதவு அடுத்த வரிசைக்கு அந்தப் பக்கம் இருக்கும்; அதை அடைய எதிர்த்திசையில் நடந்து, வரிசை முடியும் இடத்தில் திரும்பி வர வேண்டும். அப்படிச் சுற்றியும் அவருடைய டிராயிங் 400 அடியைத் தாண்டவில்லை.

ஆனாலும் நீள வரிசைகளின் நடுவில் கீழ்த்தட்டை எடுத்துவிட்டு, ரேக்குக்கு அடியில் ஆள் போக வழி விடச் சொன்னேன். அவருக்கு அது சரக்கு ஏற்றிய பாலெட்களை வைக்கும் இடங்களின் இழப்பு. "கூரை இவ்வளவு உயரம். புகை கீழே இறங்க நேரமாகும், ஸ்பிரிங்ளரும் இருக்கு. அதனால்தானே 400 கொடுத்தாங்க?" என்றார். நியாயமான கேள்வி. பக்கத்தில் இருக்கும் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பதற்றத்தில் எத்தனை பேர் நடப்பார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அதுவும் நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் ஒத்துக்கொண்டது என் வாதத்துக்காக இல்லை, கையெழுத்துக்காக.

அப்புறம் போய்ப் பார்த்தபோது, வழியில் பாலெட் எதையும் அடுக்கி வைத்திருக்கவில்லை. அந்த வகையில் சந்தோஷம். பொருள் எடுக்கும் ஒரு பெண், கையிலிருந்த ஸ்கேனரைப் பார்த்தபடி ரேக்குக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். ஃபோர்க்லிஃப்ட் சட்டென்று நின்றது. ஓட்டுநர் திட்டவில்லை, ஹார்ன்கூட அடிக்கவில்லை. இருவருக்கும் பழகிப்போயிருந்தது. அதுதான் என்னை உறுத்துகிறது.

இது குறுக்குவழியாகும் என்று யூகித்திருக்கலாம். பக்கத்து வரிசைக்குப் போக யார்தான் சுற்றி நடப்பார்கள்? வராமலே போகக்கூடிய தீக்காகத் தினசரி ஆபத்து ஒன்றை உண்டாக்கினேனா? அந்த வழியின் முனையில் சின்னக் கதவு வைத்தால் ஆள் நின்று பார்த்து வருவார். ஆனால் தீயின்போது அந்த ஒரு நொடித் தயக்கம்தான் வேண்டாதது.

மஞ்சள் கோடு, குவி ஆடி, ஃபோர்க்லிஃப்டுக்கு வேகக் கட்டுப்பாடு என்று எழுதிக் கொடுத்தேன். மூடிவிடுங்கள் என்று எழுதவில்லை. எழுதியிருக்கலாமோ என்று தோன்றும். மறுபடி டிராயிங்கை விரித்து அந்த வரிசைகளின் நீளத்தைப் பார்த்தால் மனசு வராது.