மார்ச் 1: லீக்கா, டாஃபடிலா?

மார்ச் முதல் தேதி வேல்ஸின் தலைநகரான கார்டிஃப் தெருவில் நின்றால் பலரின் சட்டையில் மஞ்சள் டாஃபடில் பூ குத்தியிருக்கும். அங்கங்கே சிலர் மட்டும் தடித்த வெங்காயத்தாள் மாதிரி ஒன்றை வெள்ளைத் தண்டோடும் பச்சைத் தாளோடும் நெஞ்சில் செருகியிருப்பார்கள். அது லீக். இலங்கை மலைநாட்டுக்காரர்களுக்கு 'லீக்ஸ்' அன்றாடக் கறி. மற்றவர்கள் பூண்டுத்தாளுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். வேல்ஸ் நாட்டின் பாதுகாவலர் புனித தாவீதின் திருநாளுக்கு இரண்டு அடையாளமும் செல்லும். வயதில்தான் சில நூற்றாண்டுகள் வித்தியாசம்.

வெல்ஷ் மொழியில் தாவீதின் பெயர் டெவி. ஆறாம் நூற்றாண்டுத் துறவி, ஆயர். மார்ச் 1 அவர் இறந்த நாள். ஆண்டு 589 என்பது மரபு. வேல்ஸின் தென்மேற்கு முனையில், இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கும் சிற்றூரில் மடம் அமைத்தார். மக்கள்தொகையில் பிரிட்டனிலேயே மிகச் சிறிய 'நகரம்' அதுதான். பேராலயம் இருப்பதால் வந்த தகுதி. அவரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் விரிவான முதல் வரலாறு, அவர் இறந்து ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழித்து ரிகிவார்க் என்பவர் லத்தீனில் எழுதியது. ரிகிவார்க்கின் தந்தை அதே ஊரின் ஆயராக இருந்தவர். இங்கிலாந்தின் தலைமைப் பேராயர் இருக்கும் கேன்டர்பரிக்கு அடங்கிப்போக வேண்டியதில்லை என்று நிறுவுவதும் அந்த நூலின் வேலை. அற்புதங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த நூல் காட்டும் மடத்து வாழ்க்கை கடுமையானது. ஏருக்கு மாடு கிடையாது, துறவிகளே இழுக்க வேண்டும். சாப்பாடு ரொட்டியும் உப்புப் போட்ட கீரையும். குடிக்கத் தண்ணீர் மட்டும். அதனால்தான் டெவிக்குத் 'தண்ணீர்க்காரர்' என்று பட்டப்பெயர். புகழ்பெற்ற அற்புதம் லான்தெவி ப்ரெவி என்ற ஊரில் நடந்ததாகச் சொல்வார்கள்: கூட்டத்தில் அவர் பேசியது பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்காமல் போக, காலடி நிலம் மேடாக உயர்ந்ததாம், தோளில் வெண்புறா வந்து உட்கார்ந்ததாம். மலைக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இன்னொரு மேட்டை உண்டாக்கியவர் என்று வெல்ஷ்காரர்களே கேலி செய்வதுண்டு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கலிஸ்துஸ் திருத்தந்தை, டெவியின் கல்லறைக்கு இரண்டு முறை யாத்திரை போனால் ரோமுக்கு ஒரு முறை போனதற்குச் சமம் என்று அறிவித்ததாக மரபு. சமயச் சீர்திருத்தக் காலத்தில் அந்தத் திருத்தலம் சூறையாடப்பட்டது. அதைப் புதுப்பித்து மறுபடி அர்ச்சித்தது 2012 மார்ச் 1-இல்தான்.

இனி லீக். சாக்சன்களோடு நடந்த போரில், எதிரி யார் நம்மவர் யார் என்று தெரிய டெவி தம் படையினரைத் தலைக்கவசத்தில் லீக் செருகச் சொன்னார் என்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். அது பிற்காலக் கதை. உறுதியாகச் சொல்லக்கூடியது, 1599 வாக்கில் ஷேக்ஸ்பியர் 'ஐந்தாம் ஹென்றி' எழுதும்போது லண்டன் பார்வையாளர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருந்தது என்பது. அதில் லீக்கைக் கிண்டலடித்தவனுக்கு வெல்ஷ் கேப்டன் அதையே தின்னக் கொடுத்து அடிப்பார். வெல்ஷ் ராணுவப் படைப்பிரிவுகளில் இந்த நாளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பச்சை லீக்கைக் கடித்துத் தின்பது இன்றும் உண்டு. கண்ணில் தண்ணீர் வராமல் தின்பவன் கெட்டிக்காரன்.

டாஃபடில் நேற்று வந்தது. வெல்ஷில் லீக்குக்குக் 'கென்னினென்'. டாஃபடிலுக்குக் 'கென்னினென் பெடர்', அதாவது பேதுருவின் லீக். பெயர் நெருக்கம், பிப்ரவரிக் கடைசியில் பூப்பது, வாடை அடிக்காதது, எல்லாம் சேர்ந்து பூவின் கை ஓங்கியது. வேல்ஸ் அரசியல்வாதியும் பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமருமான லாயிட் ஜார்ஜ் அதை விரும்பி முன்னிறுத்தினார். 1911-இல் கேர்னார்வன் கோட்டையில் நடந்த இளவரசர் பட்டமேற்பு விழாவிலும் டாஃபடில் இடம்பெற்றது.

பெயர்க் குழப்பத்தோடு நின்றால் பரவாயில்லை. டாஃபடில் கிழங்கு சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் விஷம். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும். வேகவைத்தாலும் விஷம் போகாது. டாஃபடிலைக் காய்கறிப் பக்கம் அடுக்காதீர்கள் என்று 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பெரிய கடைகளுக்கு எழுதியே கேட்டுக்கொண்டது. பூவாக வாங்கும்போது மொட்டு தலைசாய்ந்து மஞ்சள் லேசாக எட்டிப் பார்க்கும் பதத்தில் வாங்குங்கள், மறுநாள் விரியும். வெட்டிய காம்பிலிருந்து வழியும் பிசின் மற்ற பூக்களை வாட வைக்கும். தனிக் குடுவையில் ஒரு ராத்திரி நிற்கவிட்டு, அப்புறம் காம்பை மறுபடி வெட்டாமல் மற்ற பூக்களோடு சேருங்கள். வெட்டினால் பிசின் திரும்ப ஊறும்.

லீக் குத்துவதென்றால் விரல் தடிமனுக்குமேல் வேண்டாம், கனம் தாங்காமல் சட்டை தொங்கும். தாளை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரை ஒட்ட நறுக்கி, வெள்ளைத் தண்டில் ஊக்கைக் குறுக்கே ஏற்றுங்கள். தாளில் ஏற்றினால் மதியத்துக்குள் கிழிந்து விழும். ஹீட்டர் போட்ட அறையில் ஒரு மணி நேரத்தில் வதங்கி நாற ஆரம்பிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் அன்று உயரமான கறுப்புத் தொப்பி, சால்வை, சிவப்புக் கம்பளிப் பாவாடை என்று வருவார்கள். நாட்டுப்புறப் பெண்களின் உடை தேசிய உடையாக நிலைபெற்றதில் 19-ஆம் நூற்றாண்டின் லான்ஓவர் சீமாட்டிக்குப் பெரும் பங்கு. பாட்டு, கவிதைப் போட்டிகளும் நடக்கும். அரசு விடுமுறை மட்டும் இல்லை, கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டார்கள்.

அன்றைய சாப்பாடு கவுல். ஆட்டுக்கறியும் கிழங்குகளும் போட்ட தெளிந்த சூப். ஆறு பேருக்கு எலும்போடு கழுத்துக்கறி 1 கிலோ, தண்ணீர் இரண்டரை லிட்டர், வெங்காயம் ஒன்று, மஞ்சள் டர்னிப் 400 கிராம் (கிடைக்காவிட்டால் நூல்கோல்), கேரட் மூன்று, உருளைக்கிழங்கு அரை கிலோ, லீக் மூன்று. முதல் நாளே கறியையும் வெங்காயத்தையும் பச்சைத் தண்ணீரில் போட்டு, நுரையை வழித்து எடுத்து, சிறுதீயில் இரண்டு மணி நேரம் வையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் சூப் கலங்கிவிடும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் கொழுப்பு மேலே ஏடாக உறைந்திருக்கும். அதை எடுத்துப்போடாமல் சமைத்தால் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டும்.

மறுநாள் எலும்பை நீக்கி, டர்னிப்பும் கேரட்டும் போட்டுப் பத்து நிமிடம், பிறகு உருளை போட்டு இன்னொரு பத்து நிமிடம். அதன்பின் லீக்கின் வெள்ளைப் பகுதி. தண்டை நெடுக்காகக் கீறி, இதழ் இதழாக விரித்துக் கழுவ வேண்டும். மண் அணைத்து வளர்ப்பதால் அடுக்குக்குள் மண் ஒளிந்திருக்கும். முழுதாகக் கழுவி நறுக்கினால் பல்லில் நறநறக்கும். இன்னும் பத்து நிமிடம் ஆனதும் பச்சைத் தாளைப் பொடியாக நறுக்கிப் போட்டு, இரண்டே நிமிடத்தில் இறக்குங்கள். முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டினால் கொழகொழத்துப் போகும். உப்பு, மிளகு போதும். பட்டை கிராம்புப் பக்கம் கை போக வேண்டாம். கூட ரொட்டியும் கேர்ஃபிலி சீஸும்.

தவக்காலம் கவனிக்க வேண்டிய விஷயம். 2006-லும் 2017-லும் மார்ச் 1, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனாகவே வந்தது, கறி விலக்கும் நாள். அப்படி வந்தால் கறியில்லாத கவுல்தான். ரொட்டியும் கீரையும் தின்றவர் திருநாளுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கட்சி.

இனிப்புக்கு வெல்ஷ் கேக், தோசைக்கல் இருந்தால் போதும். மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சர்க்கரை 85 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 110 கிராம், உலர் கருந்திராட்சை ஒரு கைப்பிடி, ஜாதிக்காய்த் தூள், உப்பு ஒரு சிட்டிகை, முட்டை ஒன்று. வெண்ணெயை மாவில் விரல் நுனியால் உதிர்த்து, மற்றதைச் சேர்த்துப் பிடியுங்கள். உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் பால். சப்பாத்தி மாவுபோல அழுத்திப் பிசைந்தால் ரப்பராகிவிடும். முக்கால் சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து வட்டமாக வெட்டி, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சுடுங்கள். தோசை வார்க்கும் சூடு கூடாது, வெளியே கருகி நடுவில் மாவாக நிற்கும். முதலில் ஒன்றை மட்டும் சுட்டுப் பிட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடுங்கள். சூடாக இருக்கும்போதே சர்க்கரையில் புரட்ட வேண்டும், ஆறினால் ஒட்டாது.