சட்டி போகாத பெட்டி

திருகோணமலையில் ஒரு சின்ன அச்சகத்தில் எட்டு வருடமாகப் படம் கீறுகிறேன். கலியாண அட்டை, கடைப் பெயர்ப்பலகை, இடைக்கிடை பொருட்களுக்குப் பெட்டி. படம் அழகாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்த காலத்தில் கிண்ணியாவிலிருந்து தயிர்க்கடைக்கார நானா ஒருவர் வந்தார். கொழும்பு பஸ்ஸில் கொண்டுபோகிறவர்களுக்காகச் சட்டித் தயிருக்கு மட்டைப்பெட்டி வேண்டுமாம்.

முதலில் பென்சிலால் கட்டைவிரல் அளவில் ஏழெட்டுக் கீறிக் காட்டினேன். ஒன்றைத் தொட்டார். அதை ஐசோமெட்ரிக்காகக் கீறினேன்: பக்கக் கோடுகள் 30 பாகையில் சாயும், மூன்று முகமும் தெரியும், தூரம் போனாலும் கோடு சுருங்காது. அளவு பிடிக்க நல்லது, பார்க்கத்தான் விறைப்பு. அதனால் சுவரொட்டிக்குத் தூரம் போகப் போகச் சிறுக்கிற பெர்ஸ்பெக்டிவ் படம், ஒளியும் நிழலும் போட்டு. "இதுதான் தம்பி பெட்டி" என்று நானாவுக்கு ஒரே சந்தோஷம்.

மட்டை வெட்டுகிறவருக்கு நிழல் எதற்கு? அவருக்கு வேண்டியது பெட்டியைப் பிரித்துத் தட்டையாக விரித்த படம். வெட்டுக்கோடு முழுக்கோடாக, மடிப்புக்கோடு இடைவெளி விட்டு விட்டு, ஒட்டுகிற நாக்கு ஓரத்தில். அதையும் கீறினேன். சட்டியின் வாய் 180 மில்லிமீற்றர். பெட்டிக்கு வெளி அளவு 184 போட்டேன். மட்டையின் தடிப்பு 3. இரண்டு பக்கமும் சேர்த்து 6 போக, உள்ளே மிஞ்சியது 178. பெட்டியை நடுவே வெட்டிப் பார்ப்பது போன்ற ஒரு குறுக்குவெட்டுப் படம் கீறியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும். கீறவில்லை. 200 பெட்டி வெட்டி வந்தது. நானா சட்டியை இறக்கிப் பார்த்தார். விளிம்பு மேலேயே நின்றது.

"தம்பி, சட்டி போகுதில்லையே."

அடுத்த முறை பத்துச் சட்டி கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றின் வாயையும் அளந்தேன். கையால் வனைந்தவை, ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஆகப் பெரியதற்கு மேல் இடம் விட்டு, உள் அளவு என்று எழுதியே கொடுத்தேன்.

பெட்டியில் குறிகளும் வைத்தேன்: மேல்நோக்கிய இரண்டு அம்பு, உடையக்கூடியது என்பதற்கு ஒரு கிளாஸ். பொதிக் குறிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 780இல் உள்ள குறிகள்தான். நானா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது, சாராயக் கோப்பை போல இருக்கு?"

சுமை ஏற்றுகிறவர்களுக்குப் பழகிய குறியை மாற்றக்கூடாது என்பது என் கட்சி. ஆனால் இந்தப் பெட்டியை எந்தச் சுமைகாரர் தூக்கப்போகிறார்? மடியில் வைத்துக்கொண்டு போகிற பொருள். சரி என்று அம்பை அப்படியே வைத்துக்கொண்டு, கிளாஸுக்குப் பதில் கீறல் விழுந்த சட்டி ஒன்றைக் கீறினேன். கணினியில் வெக்டராக, அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளின் கணக்காகக் கீறியதால் பெட்டியில் இரண்டு சென்ரிமீற்றராகவும் கடைப் பதாகையில் ஓராள் உயரமாகவும் அதே படம் மங்காமல் வந்தது.

பழைய 200 பெட்டி எங்கள் தலையில். இப்போது கலியாண அட்டைகளை அதில்தான் போட்டுக் கொடுக்கிறோம். வெளியே நான் நிழல் போட்டுக் கீறிய தயிர்ச்சட்டி.