ரசிகர்கள் சொன்ன வழியில் தைவான்

உலக சினிமா பார்க்கும் நண்பர்களிடம் ‘தைவான் போகிறேன்’ என்று சொன்னால் போதும், அன்று இரவுக்குள் நீளமான பட்டியல் ஒன்று கைப்பேசியில் வந்து விழுந்துவிடும். அந்தப் பட்டியல்களால் எனக்குப் பெரிய பயன் இருந்ததில்லை. பெயர்களைத் தேடி எடுத்துக்கொள்ள யாரும் வேண்டியதில்லையே. எனக்கு உதவியவர்கள் வேறு ரகம். ‘இதை முதலில் பார், அதை அப்புறம் பார், அந்த ஊருக்குப் பகலில் போகாதே’ என்று நச்சரிப்பவர்கள். இந்தப் பயணத்தின் பாதி அவர்கள் போட்ட திட்டம்தான்.

முதல் நச்சரிப்பு பெங்களூர் நண்பருடையது. திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் வரிசையில் நின்று பழக்கமானவர். ஹௌ சியாவ்-சியென் இயக்கிய இரண்டு படங்களை விமானம் ஏறுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும், அதுவும் அவர் சொல்லும் வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்றார். முதலில் 1986-ல் வந்த ‘டஸ்ட் இன் த விண்ட்’. அப்புறம் 1989-ல் வந்த ‘எ சிட்டி ஆஃப் சேட்னஸ்’. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பின்னது வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய படம், அந்த விருதைப் பெற்ற முதல் தைவான் படம், அதனால் அதிலிருந்தே தொடங்குவார்கள். “முதல் படத்தில் அந்த மலையோடு பழகிக்கொள். அங்கே என்ன நடந்தது என்பதை இரண்டாவது படம் சொல்லும்” என்றார் நண்பர்.

‘டஸ்ட் இன் த விண்ட்’ ரயிலில் தொடங்குகிறது. இருட்டுக் குகைக்குள் தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி, அது மெல்லப் பெரிதாகி, பச்சை மலைகள் விரிந்து, மறுபடி குகை. பள்ளி முடிந்து ஊர் திரும்பும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் பெட்டிக்குள் அதிகம் பேசாமல் நிற்கிறார்கள். ஊரில் இறங்கினால் திறந்தவெளியில் படம் காட்ட வெள்ளைத் திரை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது காற்றில் படபடக்கிறது. டூரிங் டாக்கீஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது. பையன் வேலைக்காகத் தைபே போகிறான், அவளும் பின்னாலேயே போகிறாள். பிறகு அவன் கட்டாய ராணுவச் சேவைக்குப் போய்விட, அவளோ அவன் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரரையே கல்யாணம் செய்துகொள்கிறாள். அவ்வளவுதான் கதை. எழுதியவர் வூ நியென்-ஜென். அந்த மலைப்பக்கத்துச் சுரங்கக் கிராமம் ஒன்றில், சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தன் சொந்த அனுபவத்தைத்தான் எழுதியிருக்கிறார்.

படத்தில் வரும் ரயில் இன்றும் ஓடுகிறது. தைபேயிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ருய்ஃபாங் வந்துவிடலாம். அங்கிருந்து பிங்ஷி கிளைப்பாதை. 1921-ல் நிலக்கரி ஏற்றிச் செல்வதற்காகச் சுரங்கக் கம்பெனி ஒன்று போட்ட பாதை இது. சாண்டியாவ்லிங் சந்திப்பில் பிரிந்து ஜிங்தோங் வரை 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாள் முழுக்க ஏறி இறங்க ஒரே சீட்டு உண்டு. அதை வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் ஒவ்வொரு ஊரிலும் இறங்கத் தோன்றும். பெட்டியின் முன்முனைக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி நின்றிருந்தவர்களைப் பார்த்ததும் எல்லோரும் நம் ஆட்கள் என்று தெரிந்துவிட்டது. குகை நெருங்கும்போது ஒருவரும் பேசவில்லை. வெளியே வந்ததும் கொரிய இளைஞர் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அதற்குமேல் எங்களுக்குப் பொது மொழி எதுவும் இல்லை.

ஷிஃபென் ஊரில் கடைகளுக்கு நடுவிலேயே தண்டவாளம் போகிறது. ரயில் வந்தால் கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி, போனதும் திரும்ப நிறைந்துகொள்கிறது. எல்லோரும் காகித விளக்கில் வேண்டுதல் எழுதி வானத்தில் விடுகிறார்கள். பறக்கும்போது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மேலே போனதெல்லாம் எங்கேயாவது காட்டில் விழத்தான் வேண்டும். நான் விடவில்லை. ஹௌதோங் ஊரில் நிலக்கரி வேலை நின்றுபோய், இப்போது பூனைகளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பூனை பிடிக்கும் என்றால் அங்கே அரை நாள் போய்விடும்.

இனி ஜியூஃபென் என்ற பழைய தங்கச் சுரங்க ஊர். இந்த ஊரைப் பற்றி எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இணையத்தில் பாதிப் பேர் ‘ஸ்பிரிட்டட் அவே’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தின் ஊர் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். சிவப்பு விளக்குகள் வரிசையாகத் தொங்கும் மரத் தேநீர்க் கடையைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் அதன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியே தைவான் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் இந்த ஊரை மாதிரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டார். தோக்கியோவுக்கு மேற்கே கொகனேய் என்ற இடத்தில் பழைய கட்டடங்களைப் பெயர்த்து வந்து வைத்திருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது, அந்தப் படத்துக்கான பொருள் அங்கிருந்தும் கிடைத்தது. இயக்குநரே மறுத்தும் கூட்டம் குறையவில்லை. அந்தத் தேநீர்க் கடைக்கு எதிர்ப்படியில் படம் எடுக்க நின்ற வரிசையைப் பார்த்தபோது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி விளக்கு ஒவ்வொன்றையும் காட்டி அம்மாவிடம் அந்தப் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் எரிச்சல்பட முடியவில்லை.

சரியான ஆலோசனை தைபேயில் கிடைத்தது. சோங்ஷான் வடக்குச் சாலையில் ‘ஸ்பாட்’ என்று ஒரு சினிமா மாளிகை. ஒரு காலத்தில் அமெரிக்கத் தூதரின் இல்லமாக இருந்த வெள்ளைக் கட்டடம். 1979-ல் அமெரிக்கா தூதரக உறவை முறித்துக்கொண்டபின் பாழாகக் கிடந்தது. 2002-லிருந்து திரையரங்கம், அதை நடத்தும் அமைப்பு ஹௌ சியாவ்-சியென் முன்னின்று தொடங்கியது. உள்ளே இருக்கும் காபிக் கடைக்கு அவர் ஜப்பானில் எடுத்த ‘கஃபே லுமியேர்’ படத்தின் பெயர். அங்கே மேசை கிடைக்காமல், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டேன். எங்கே போகிறாய் என்றார், ஜியூஃபென் என்றேன். ‘காலையில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி போகாதே, இரவு தங்கு, கடைசிப் பேருந்துகள் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனபிறகுதான் அந்த ஊர் வெளியே வரும்’ என்றார். மழைக்கு நல்ல குடை வாங்கிக்கொள்ளவும் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன.

ஜியூஃபெனில் கடைகள் அடைத்தபிறகு ஷூச்சி சாலையின் படிகளில் ஏறி இறங்கினேன். கல் வழுக்குகிறது, கீழே கடல் இருப்பது படகு விளக்குகளால்தான் தெரிகிறது. ‘எ சிட்டி ஆஃப் சேட்னஸ்’ இங்கேதான் எடுக்கப்பட்டது. அதுவரை தைவானை ஆண்ட ஜப்பான் சரணடைந்ததை 1945 ஆகஸ்டில் அதன் சக்கரவர்த்தி வானொலியில் அறிவிக்கிற நேரத்தில், இருட்டு வீட்டில் ஒரு குழந்தை பிறப்பதோடு படம் தொடங்குகிறது. அந்தக் குடும்பத்தின் நான்கு சகோதரர்களில் கடைசித் தம்பி காது கேளாத, பேசாத புகைப்படக்காரன். நடித்தவர் ஹாங்காங்கின் டோனி லியுங். அவருக்குத் தைவான் மொழி வராது என்பதால்தான் பாத்திரத்தை அப்படி அமைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தக் குடும்பத்தின் வழியாகப் படம் சொல்வது இதைத்தான்: 1947 பிப்ரவரியில் தைபேயில் சிகரெட் விற்ற பெண்ணை அரசின் புகையிலை ஏகபோக வாரிய அதிகாரிகள் அடித்ததில் பற்றிக்கொண்ட கலவரம், பிறகு அப்போதைய தேசியவாத அரசின் ராணுவம் சீனாவிலிருந்து வந்திறங்கி நடத்திய கொலைகள். 1992-ல் அரசு வெளியிட்ட ஆய்வறிக்கையே இறந்தவர்கள் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என்றது. 38 ஆண்டு ராணுவச் சட்டம் 1987-ல் நீங்கும்வரை இதைப் பொதுவில் பேச வழியில்லை. நீங்கிய இரண்டே ஆண்டில் ஹௌ படம் எடுத்துவிட்டார்.

படத்தில் ரத்தம் அதிகம் தெரியாது. செய்தி வானொலியில் வருகிறது, ஒரு பெண்ணின் நாட்குறிப்பில் வருகிறது, சிறைக்கதவு திறக்கும் சத்தத்தில் வருகிறது. சீனாவிலிருந்து வந்தவர்களைத் தேடி ரயிலில் கும்பல் ஒன்று ஆயுதத்தோடு வந்து ‘நீ எந்த ஊர்’ என்று கேட்கும்போது, பேசாத அந்தத் தம்பி தொண்டையைக் கிழித்துக்கொண்டு தான் தைவான்காரன் என்று சொல்ல முயல்வான். எனக்குப் படம் முழுக்க அந்த ஒரு காட்சிதான்.

விசித்திரம் என்னவென்றால், அந்தப் படம்தான் இந்த ஊரைப் பிழைக்க வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தங்கம் கிடைத்து வளர்ந்த ஊர், 1971-ல் சுரங்கம் மூடியதும் ஆளில்லாமல் போயிற்று. படுகொலை பற்றிய ஒரு படம் வந்து, அதைப் பார்த்த ரசிகர்கள் படிக்கட்டைத் தேடி வந்து, தேநீர்க் கடைகள் முளைத்தன. படத்தின் பெயரிலேயே ஓர் உணவகம்கூட இருக்கிறது. சோகத்தின் பெயரை வைத்துச் சோறு விற்பதா என்று பெங்களூர் நண்பர் கோபப்படுவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயராவது நிற்கிறது.

படியின் அடியில் ஷெங்பிங் என்ற பழைய திரையரங்கம். 1934-ல் இந்த இடத்துக்கு வந்தது, 1986-ல் மூடியது, 2011-ல் பழுதுபார்த்துத் திறந்தார்கள். மர பெஞ்சுகளையும் பழைய சீட்டு ஜன்னலையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை, சேப்பங்கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் மாவோடு பிசைந்து உருட்டி வேகவைத்து இனிப்புப் பாகில் போட்டுத் தரும் உருண்டைதான் இங்கே பிரபலம். நம்மூர்ப் பால் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். மழைக்குச் சூடாகக் கேளுங்கள். சைவக்காரர்கள் தைவானில் பட்டினி கிடக்க மாட்டார்கள், ஆனால் புளிக்கவைத்து வறுத்த தோஃபுவின் (சோயா கட்டி) நாற்றத்தைத் தாண்டிப் போகத் துணிச்சல் வேண்டும். பக்கத்து ஜின்குவாஷியில் தங்க அருங்காட்சியகம் இருக்கிறது, 220 கிலோ தங்கக் கட்டியைத் தொட விடுகிறார்கள். தொட்டேன். வந்துவிட்டேன்.

தைபே திரும்பியதும், அந்த 1947 பிப்ரவரி 28-ன் நினைவாகப் பெயர் வைத்த 228 அமைதிப் பூங்காவுக்குப் போனேன். உள்ளே இருக்கும் நினைவு அருங்காட்சியகம் பழைய வானொலி நிலையக் கட்டடம். 1947-ல் கிளர்ச்சிக்காரர்கள் தீவு முழுக்கச் செய்தி பரப்பியது இங்கிருந்துதான். படத்தில் எல்லாவற்றையும் ஏன் வானொலி வழியாகவே கேட்கிறோம் என்பது அந்தக் கட்டடத்துக்குள் நிற்கும்போது இன்னும் அழுத்தமாகப் புரிந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத இடம். ஆசிரியைதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

விடுதியில் சந்தித்த சினிமா மாணவனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ‘வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் ஹௌ என்று மலைக்கு ஓடுகிறீர்கள், நாங்கள் வளர்ந்தது நகரத்தில், எட்வர்ட் யாங் படங்களைப் பார்க்காமல் தைபேயில் என்ன வேலை’ என்று சண்டைக்கு வந்துவிட்டான். அவன் கூட்டிப்போனது குலிங் தெருவுக்கு. 1961-ல் ஒரு பள்ளி மாணவன் தன் தோழியைக் குத்திக் கொன்ற தெரு. யாங் அதை வைத்து 1991-ல் ‘எ பிரைட்டர் சம்மர் டே’ எடுத்தார், நான்கு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைவு. இப்போது சாதாரண மரநிழல் தெரு, பழைய காவல் நிலையக் கட்டடம் ஒன்று சின்ன நாடக அரங்காகியிருக்கிறது. நான் விட்டுக்கொடுக்கவில்லை: யாங்கின் கடைசிப் படமான ‘யி யி’யில் அப்பாவாக நடித்தது யார், அந்தச் சுரங்கத் தொழிலாளியின் மகன் வூ நியென்-ஜென்தானே? உங்கள் நகரத்துக்கும் ஆள் எங்கள் மலையிலிருந்துதான் வரவேண்டியிருந்தது என்றேன். ‘எங்கள் மலை’ என்றதைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அதற்குப் பழிவாங்குவதுபோல அவன் என்னைத் தெற்கே இருக்கும் தாய்னான் நகரத்துக்கு அனுப்பினான். அங்கே சுவான்மெய் திரையரங்கில் இன்னும் கையால் வரைந்த பேனர்தான். யான் ஜென்-ஃபா என்ற ஓவியர், ஒரு கண்ணில் பார்வை போயும், எதிர் நடைபாதையில் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வரைகிறார். அண்ணா சாலை பேனர்கள் போன பிறகு பெயின்ட் வாசனையோடு ஒரு நாயகன் முகத்தைப் பார்ப்பது இதுதான். அதே ஊரில் படித்த இயக்குநர் ஆங் லீ சிறுவயதில் படம் பார்த்தது இங்கேதான் என்பதைப் பெருமையோடு சொல்கிறார்கள். புதுப்படம் ஓடி முடிந்தபின் வரும் இரண்டாம் சுற்றுப் படங்கள், ஒரே சீட்டில் இரண்டு பார்க்கலாம்.

இடைவேளையில் பேச்சுக் கொடுத்த பெண், நான் தமிழ் என்றதும் உடனே ஒரு தாலாட்டை முணுமுணுத்தாள். ‘லைஃப் ஆஃப் பை’ தொடக்கத்தில் பாம்பே ஜெயஸ்ரீ பாடும் தமிழ்ப் பாட்டு. ஆங் லீ புதுச்சேரியில் கொஞ்சம் எடுத்துவிட்டு, கடல் காட்சிகளைத் தைவானின் தாய்சுங் நகரத்தில் தொட்டி கட்டி எடுத்த படம், அதனால் அவர்களுக்கும் அது வீட்டுப் படம். சொல் ஒன்றும் புரியாமல் மெட்டைத் தப்பில்லாமல் வைத்திருந்தாள். தமிழில் இன்னும் என்ன பார்க்கலாம் என்று கேட்டாள். அவளுக்கும் பிங்ஷி ரயில் படம்தான் உயிர் என்பதால் மூன்று பெயரைக் கைப்பேசியில் தட்டிக் கொடுத்தேன்: மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. மலையில் சுமை தூக்குபவர்களின் கதையை முதலில் பார், கடைசியில் ‘உதிரிப்பூக்கள்’ என்றேன். ஏன் கடைசியில் என்று கேட்டாள். ஆற்றங்கரைக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தைகூட முன்கூட்டிச் சொல்லாமல் இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது படத்துக்கு மணி அடித்துவிட்டார்கள்.