பீர்க்கம்பூ பூக்கிற நேரத்தில் வகுப்பு

வீட்டுத்தோட்டப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்த அன்றே அத்தாச்சி கேட்டுவிட்டார்: "நம்ம ஊர்லயே போயி தோட்டம் போடச் சொல்லிக் குடுக்கப் போறியா? சிரிப்பாங்கடி."

நியாயமான கேள்விதான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். குறுவை, சம்பா, அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் தெளிக்கிற உளுந்து என்று எல்லாருக்கும் வயல் அத்துப்படி. ஆனால் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் வந்தால்தான் குழம்பு. கொல்லையில் துணி காய்கிறது.

நடத்தியது ஒரு தொண்டு அமைப்பு. பத்து சனிக்கிழமை வகுப்பு, காசு கிடையாது, அதற்குப் பதிலாக ஒரு வருஷத்துக்குள் 40 மணி நேரம் நாம் ஊரில் சொல்லித்தர வேண்டும். இந்த ஏற்பாடு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1970களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளர்கள், வீட்டுத்தோட்டக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாமல், தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களைப் பதில் சொல்ல வைத்தார்கள். அங்கே மாஸ்டர் கார்டனர் என்று பெயர். விண்ணப்பம் ஒரு பக்கம்தான், கூடவே ஆதார் நகல். நேரில் கூப்பிட்டபோது செடியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல வருமா?" என்று கேட்டார்கள். வரும் என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பில் எனக்கு இன்னும் மனசில் நிற்பது இரண்டாவது சனிக்கிழமைதான். அவரவர் கொல்லை மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி, சிட்டிகை சோப்புத்தூளும் சேர்த்து நன்றாகக் குலுக்கி வைக்கச் சொன்னார்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிடும், வண்டல் இறங்கச் சில மணி நேரம் ஆகும், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். என் பாட்டிலில் மணல் என்று பார்த்தால் நூல் கனம், மற்றதெல்லாம் களி. இந்த மண் வெயிலில் விரல் போகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். நாலு கூடை மணல் கொட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன், அது மண்ணை இன்னும் இறுக்கத்தான் செய்யுமாம். மக்கின எருவும் உமிக்கரியும் கலந்து, ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மேலே வைக்கோல் மூடாக்கு போடச் சொன்னார்கள். நான் சோம்பல்பட்டு ஒரு பாத்தியைத் தரைமட்டத்திலேயே விட்டேன். ஐப்பசி மழையில் அந்தப் பாத்திக் கத்தரி அத்தனையும் வேர் அழுகிப் போனது. அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வகுப்பில் அதைக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

மற்ற வகுப்புகள் வழக்கம்போல. பஞ்சகவ்யம் 3 சதவீதம், மீன் அமிலம், பூச்சி படங்கள்.

அப்புறம் அந்த 40 மணி நேரம். முதல் வகுப்பைக் காலை பத்து மணிக்கு வைத்தேன், சார்ட் எல்லாம் ஒட்டி. வந்தது மூன்று பேர், அதில் ஒருவர் சார்ட் ஒட்ட வந்த பையன். பெண்கள் எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். வந்த ஆயா ஒருவர் மட்டும், "பீர்க்கைல பிஞ்சு விடுது, மஞ்சளாகி உதிந்துருது, என்னன்னு வந்து பாரு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பிஞ்சில் ஈ குத்தின வடு இல்லை. சரி, மகரந்தம் சேரவில்லை என்று தெரிந்துவிட்டது. கையால் தொட்டுவிடலாம் என்று பூவைத் தேடினேன், எல்லாம் மூடிக் கிடந்தன. ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பீர்க்கம்பூ பொழுது சாயத்தானே பூக்கும், நீ இப்ப வந்து என்னத்தப் பாப்ப?"

ஆண் பூ, பெண் பூ எல்லாம் என் நோட்டில் இருந்தது. பூக்கிற நேரம் மட்டும் இல்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பப் போனேன். பந்தல் முழுக்க மஞ்சள். கொத்தில் இருந்த ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழைப் பிய்த்துவிட்டு, அடியில் குட்டிப் பிஞ்சோடு தனியாக நிற்கிற பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுக் காட்டினேன். அக்கம்பக்கத்தில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள், சார்ட் இல்லாமலேயே. அதிலிருந்து என் வகுப்பு ஐந்தரைக்குத்தான். பூசணிக்கு மட்டும் விடியற்காலை, அது அப்போதுதான் பூக்கும். மேட்டூர் திறந்து நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டால் எந்த நேரமும் உதவாது, அந்த ஒன்றரை மாதம் மணிக்கணக்கு எழுதுகிற நோட்டு காலி.

அந்த நோட்டு ஒரு தனிக் கதை. ஒவ்வொரு வகுப்புக்கும் வந்தவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். ஆயா கைநாட்டு வைத்த ஆறு மணி நேரத்தைச் செல்லாது என்று கழித்துவிட்டார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், அவர் ரேகை செல்லாதாம். சண்டை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை, ஆறு மணி நேரம் திரும்ப எடுத்தேன்.

கடைசி ஒரு மணி நேரம் அத்தாச்சி வீட்டுக் கொல்லையில். துணிக்கொடியைக் கழற்றிவிட்டுப் பந்தல் போட்டோம். நோட்டை நீட்டினேன். முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதி, தேதியும் போட்டுவிட்டு, "டீ குடிச்ச நேரத்தைக் கழிச்சுட்டு எழுதிக்க" என்றார்.