வெனிஸ் நாட்குறிப்பு: கப்பல்கள் இடம் மாறிய பிறகு

ஏப்ரல் 24, 2024, புதன்

மாலையில் சாத்தெரே கரையோரம் நடந்தேன். எதிரே ஜூதேக்கா தீவு, இடையில் அகன்ற கால்வாய். 2021 வரை பெரும் சொகுசுக் கப்பல்கள் புனித மார்க் சதுக்கத்தின் முகப்பைக் கடந்து இந்தக் கால்வாய் வழியாகத்தான் முனையத்துக்குச் சென்றன. அவற்றின் மேல்தளத்தில் நின்றவர்கள் தேவாலயக் கூரைகளைக் குனிந்து பார்த்தார்கள்.

2012 ஜனவரியில் கோஸ்தா கொன்கோர்தியா கப்பல் ஜில்யோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்த பின், 40,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களை இவ்வழியே விடுவதில்லை என்று ரோமில் உள்ள இத்தாலிய அரசு ஆணை பிறப்பித்தது. ஆனால் மாற்று வழி அமையும்வரை தடை செல்லாது என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்ததால், ஆணை ஏட்டில் கிடக்க, கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. 2019 ஜூன் 2 அன்று 275 மீட்டர் நீளமுள்ள எம்எஸ்சி ஓப்பரா கட்டுப்பாடிழந்து, இந்தக் கரையை ஒட்டிய சான் பசீலியோ துறையையும் அங்கே நின்ற சுற்றுலாப் படகையும் இடித்தது. அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் கழிந்தே, 2021 ஆகஸ்ட் 1 முதல், 25,000 டன்னுக்கு மேற்பட்ட அல்லது 180 மீட்டருக்கு மேல் நீண்ட கப்பல்களுக்கு வழி அடைக்கப்பட்டது.

ஏப்ரல் 25, 2024, வியாழன்

இன்று புனித மார்க் திருநாள். ஆண்கள் தாம் நேசிக்கும் பெண்ணுக்குச் செந்நிற ரோஜா மொட்டு கொடுப்பது இவ்வூர் வழக்கம். பகலில் மட்டும் வந்து போகும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியதும் இன்றுதான். வெனிஸின் நுழைவாயிலான பியாத்சாலே ரோமா சதுக்கத்தில் கூடிய நகரவாசிகள் கட்டணம் வேண்டாம், குடியிருக்க வீடு வேண்டும் என்று முழங்கினார்கள். 1951இல் இத்தீவு நகரில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது. கப்பலிலேயே உண்டு, கப்பலிலேயே உறங்கி, சில மணி நேரம் மட்டும் தெருக்களை நிறைத்துப் போகும் பயணத்தை இம்மக்கள் ஏன் இவ்வளவு கடுமையாக எதிர்த்தார்கள் என்பது இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது விளங்குகிறது. கட்டணம் கூட்டத்தைக் குறைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 27, 2024, சனி

லீதோ தீவின் தென்கோடியான அல்பெரோனிக்குப் போனேன். கடல் காயலுக்குள் நுழையும் மலமோக்கோ முகத்துவாரம் அங்கிருந்து தெரிகிறது. தடைக்குப் பிறகு பெரிய கப்பல்கள் இவ்வழியே நுழைந்து, பெருநிலக் கரையில் உள்ள மார்கேராவின் தொழிற்சாலைத் துறைமுகத்தைச் சேர்கின்றன. சதுக்கத்தின் முன்னால் கப்பல் தெரியாததால் வெனிஸ் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று உலகம் நம்பிவிட்டது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

இங்கிருந்து மார்கேராவுக்குச் செல்லும் ஆழமான கால்வாய் 1960களில் எண்ணெய்க் கப்பல்களுக்காகத் தோண்டப்பட்டது. சராசரியாக ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் ஆழமுள்ள காயலில் இது பெரும் வெட்டு. பெருங்கப்பல் ஒன்று நகரும்போது விலகிச் சுருட்டிக்கொண்டு திரும்பும் நீர் இருபுறச் சேற்றுத் தளத்தையும் கலக்குகிறது. கலங்கிய வண்டல் வற்றுநீரோடு கடலுக்குப் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. மீன்குஞ்சுகள் வளர்வதும் அலையின் வேகம் தணிவதும் உப்புச் சதுப்புத் திட்டுகளால்தான். அவை கடந்த நூற்றாண்டில் பெருமளவு அழிந்துவிட்டன. கால்வாயை இன்னும் அகலப்படுத்த வேண்டும் என்று யாராவது கேட்கும்போதெல்லாம் நான் இந்தத் திட்டுகளையே நினைக்கிறேன். மாளிகைகளை மரக்கால்களின் மேல் தாங்கி நிற்கும் இந்தக் காயல் கெட்டால், பிறகு எதைப் பார்க்கக் கப்பல் வரும்?

ஏப்ரல் 28, 2024, ஞாயிறு

நான் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளருடைய தம்பி பழைய முனையத்தில் பயணிகளின் பெட்டிகளைக் கையாண்டவர். தடை வந்தபோது தம் குடும்பத்தின் கோடை வருமானம் போனதை அவர் கோபமில்லாமல் சொன்னார். கப்பல் அலை வீட்டுப் படிகளை அரித்ததையும் மறைக்கவில்லை. இவரைப் போன்றவர்களுக்கு உரிய வேலையைத் தராமல் கப்பலை மட்டும் விலக்குவது நியாயமாகாது.

2017இல் கப்பல் எதிர்ப்புக் குழு தானே நடத்திய வாக்கெடுப்பில் கலந்துகொண்ட 18,000க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய அனைவரும், பெருங்கப்பல்கள் காயலுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும் என்றார்கள். அதற்குச் சட்ட வலிமை இல்லை. துறைமுகம் ரோமின் அதிகாரத்தில் இருக்கிறது. மாநகராட்சியிலும், பெருநிலத்தில் உள்ள மெஸ்த்ரே வாக்காளர்களுக்கு முன் தீவுவாசிகள் சிறுபான்மையினர். ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டில் 2020 நவம்பரில் மக்கள் முறைப்படியே வாக்களித்துக் கப்பல்களின் அளவை வரையறுத்தனர். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டம் அதைச் செல்லாததாக்கியது. அந்த நகரத்திலும் இந்த நகரத்திலும் முடிவெடுப்பவர் ஒருவர், அலையைத் தாங்குபவர் வேறொருவர்.

காயலுக்கு வெளியே முனையம் அமைக்க யோசனைகள் கோரும் ஆணை 2021 ஏப்ரலிலேயே பிறந்துவிட்டது. மார்கேரா தற்காலிக ஏற்பாடு என்றுதான் அப்போது சொல்லப்பட்டது. நேற்று நான் பார்த்த கால்வாயில் அந்தத் தற்காலிகம் இன்னும் தொடர்கிறது.